கை நிற்கும் மூன்று நொடி

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு வயரிங் ஹார்னெஸ் (மின்வயர்களைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) செய்யும் ஒரு ஆலையில் இண்டஸ்ட்ரியல் இன்ஜினியராக இருக்கிறேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று அளந்து சொல்வதுதான் என் பொறுப்பு. முன்பு ஸ்டாப்வாட்சோடு ஆபரேட்டர் பின்னால் நிற்போம். இப்போது வீடியோ எடுத்து, கணினியில் ஓடவிட்டு, ஒவ்வொரு செயலும் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கையால் குறிக்கிறோம். மென்பொருள் விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள்: "இதை ஏஐயே குறிச்சிடுமே மேடம், நீங்க ஏன் உக்காந்து செய்றீங்க?" அதற்கு என்னிடம் நீளமான பதில் இருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கும் உதவும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் லைன். சாய்வாக நிறுத்திய பெரிய பலகை, அதில் வயரைத் தாங்க சிறு கவைகள். முனையில் டெர்மினல் (சிறு உலோகத் துண்டு) அழுத்திய வயர்களை ஆபரேட்டர் அந்தக் கவைகள் வழியே ஓட்டுவார். முனைகளை கனெக்டர் துளையில் செருகுவார், டேப் சுற்றுவார், கிளிப் மாட்டி சோதனை மேசைக்கு அனுப்புவார். செருகும்போது தள்ள வேண்டும், 'கிளிக்' கேட்க வேண்டும், லேசாக இழுத்துப் பார்க்க வேண்டும். ஹார்னெஸ் வேலைக்கு வரும் யாருக்கும் முதலில் சொல்லித்தருவது இதைத்தான். டெர்மினல் பாதி உள்ளே போய் நின்றாலும் சோதனை மேசையில் கரண்ட் பாய்ந்துவிடலாம்; பிறகு வண்டி குலுங்கும்போது அது கழன்றுவரும்.

இந்த வேலையை அளக்க, மென்பொருளைத் திறப்பதற்கு முன்னால் ஒரு தாள் எழுத வேண்டும். "வயர் எடுத்தல்" என்ற எலிமென்ட், அதாவது வேலையின் அந்தச் சிறு பகுதி, எங்கே தொடங்குகிறது? கை நகரும்போதா, விரல் வயரைத் தொடும்போதா? இரண்டு பேர் இரண்டு விதமாக எடுத்துக்கொண்டால், அரை நொடி வித்தியாசம் சும்மா வந்துவிடும். எது சரி என்பதைவிட, எல்லோரும் எல்லாச் சுற்றிலும் (ஒரு ஹார்னெஸ் செய்து முடிப்பது ஒரு சுற்று) ஒன்றையே எடுப்பது முக்கியம். அதனால் பிரேக் பாயிண்டை, அதாவது ஒரு எலிமென்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை, எப்போதும் கண்ணுக்குத் தெரிவதாக அல்லது காதில் விழுவதாக வைக்கிறேன். "விரல் வயரைத் தொட்ட முதல் ஃபிரேம்." "டேப் ரோலிலிருந்து அறுந்த ஃபிரேம்." "எடுக்கத் தயாராகும்போது" என்று எழுதினால் அந்த வரி எதற்கும் உதவாது. தயாராவதை யார் பார்த்தார்கள்?

கனெக்டர் செருகலுக்கு கண்ணைவிட காதுதான் நல்லது. டெர்மினல் உள்ளே பூட்டிக்கொள்ளும் இடத்தை விரல் மறைத்துவிடுகிறது. ஆனால் கிளிக் சத்தம் ஒலி அலைக்கோட்டில் ஒரு கூர்முனையாக நிற்கும். இதற்கு நான் எலான் பயன்படுத்துகிறேன். நெதர்லாந்தின் நைமேகனில் இருக்கும் மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் மொழி ஆராய்ச்சிக்காகச் செய்த இலவச மென்பொருள் அது. வீடியோவிலிருந்து ஒலியை மட்டும் வேவ் கோப்பாகப் பிரித்து இணைத்தால், அலைக்கோடு கீழே ஓடும். இடது கைக்கு ஒரு வரிசை, வலது கைக்கு ஒரு வரிசை என்று தனித்தனியாகவும் குறிக்கலாம். ஹார்னெஸில் ஒரு கை பிடித்துக்கொண்டிருக்க மறு கைதான் பெரும்பாலும் வேலை செய்கிறது. அதை இரண்டு வரிசையில் போட்டுப் பார்த்தால் எங்கே ஒரு தாங்கி வைத்து அந்தக் கையை விடுவிக்கலாம் என்பது உடனே தெரியும்.

ஒரே ஒரு தொல்லை, சென்னை வெயில். மே மாதத்தில் லைன் ஓரமாக நிற்கும் பெரிய ஃபேன்கள் எல்லாம் முழு வேகத்தில் சுற்றும். அந்த இரைச்சலில் கிளிக் அமுங்கிவிடும். அதனால் கேமரா தூரத்தில் இருந்தாலும், ஒலிக்கு இன்னொரு மொபைலைப் பலகையின் ஓரத்திலேயே கிளாம்ப் போட்டு வைக்கிறேன். இரண்டையும் பொருத்த, பதிவின் தொடக்கத்தில் கேமரா முன்னால் ஒரு கைத்தட்டு போதும்.

சுற்று முழுவதையும் பிரிக்க போரிஸ் என்ற மென்பொருள். இத்தாலியின் டூரின் பல்கலைக்கழகத்தில் விலங்குகளின் நடத்தையை ஆராய உருவாக்கியது, இதுவும் இலவசம். ஒவ்வொரு செயலுக்கும் விசைப்பலகையில் ஒரு எழுத்து. ஒன்றோடொன்று சேராத செயல்கள் எவை என்று முன்பே சொல்லிவைத்தால், அடுத்தது தொடங்கியதும் முந்தையதை அதுவே மூடிவிடும். இது பெரிய வசதி. ஒரு எலிமென்டின் முடிவே அடுத்ததன் தொடக்கம் என்று சங்கிலியாகக் குறித்தால், எல்லாவற்றையும் கூட்டும்போது சுற்றின் மொத்த நேரம் அப்படியே வர வேண்டும். நடுவில் எந்த நொடியும் காணாமல் போக முடியாது. தொடக்கம், முடிவு இரண்டையும் தனித்தனியாகக் குறித்தால் இடைவெளிகள் விழும், அந்த இடைவெளியில் என்ன நடந்தது என்று யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

துல்லியம் பற்றி ஒரு கணக்கு. பழைய ஸ்டாப்வாட்சில் நிமிடத்தை 100 ஆகப் பிரித்திருப்பார்கள். ஒரு பிரிவு 0.6 நொடி. வீடியோவில் நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 0.04 நொடி. அதாவது அந்த ஒரு பிரிவுக்குள் 15 ஃபிரேம்கள். கை அசைவுகளுக்கு முன்பே வகுத்த நேரங்களைக் கூட்டிப் பார்க்கும் எம்டிஎம் முறையில் பயன்படும் மிகச் சிறிய அலகான டிஎம்யு 0.036 நொடி, கிட்டத்தட்ட ஒரு ஃபிரேம்தான். ஆனால் வீடியோவை ஓடவிட்டுக்கொண்டே விசையைத் தட்டினால் இந்தத் துல்லியம் எல்லாம் போய்விடும். கண்ணுக்குத் தெரிந்ததும் விரல் தட்ட சுமார் 0.2 நொடி ஆகும், அது ஐந்து ஃபிரேம். எல்லாக் குறியும் அதே அளவு தாமதமானால் கழித்தலில் அது அடிபட்டுப் போகும். ஆனால் டேப் அறுவது போல எதிர்பார்த்துக் காத்திருக்கும் செயலுக்கு விரல் முந்திக்கொள்ளும், திடீரென்று நடப்பதற்குப் பிந்தும். அதனால் முதலில் ஓடவிட்டுத் தோராயமாகத் தட்டிவிட்டு, அப்புறம் ஒவ்வொரு குறியையும் ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்திச் சரிசெய்வேன்.

மொபைலில் எடுக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிச்சம் குறைந்தால் பல மொபைல்கள் ஃபிரேம் வேகத்தைத் தாங்களாகவே குறைத்துக்கொள்ளும். வேகம் மாறாது என்று நினைத்து ஃபிரேம் எண்ணிலிருந்து நேரத்தைக் கணக்கிடும் மென்பொருளில் எல்லா அளவும் நகர்ந்துவிடும். எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் கொண்டு சீரான ஃபிரேம் வேகத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பதிவின் தொடக்கத்திலும் முடிவிலும் ஓடும் ஒரு ஸ்டாப்வாட்சைச் சில நொடி காட்டிவைத்தால், நேரம் பொருந்துகிறதா என்று பிறகு சரிபார்க்கலாம்.

இப்போது ஏஐ பற்றிய கேள்விக்கு வருகிறேன்.

தானாகக் குறிக்கும் மென்பொருள் ஒன்றை எங்கள் லைன் வீடியோவிலேயே ஓட்டிக் காட்டினார்கள். மணிக்கட்டு, முழங்கை, தோள் எல்லாவற்றிலும் புள்ளி வைத்து, கை நகரும்போது பச்சைப் பட்டை, நிற்கும்போது சிவப்புப் பட்டை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கனெக்டரில் கடைசி வயரைச் செருகிய பிறகு ஒவ்வொரு சுற்றிலும் மூன்று நொடிக்கு ஒரு சிவப்பு. சும்மா இருந்த நேரம் என்று பெயர் போட்டிருந்தது. வீடியோவில் இருந்த ஆபரேட்டர் அக்கா அப்போது என் பக்கத்தில்தான் இருந்தார். பட்டையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மேடம், நான் அங்க சும்மா நிக்கல. கலர் வரிசை பாக்குறேன். கறுப்பும் பிரவுனும் இடம் மாறிட்டா இந்த லைட்டுல சட்டுனு தெரியாது."

அந்தச் சிவப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன். சாப்பாடு, டீ இடைவேளை போக ஷிப்டில் 430 நிமிடம் வேலை என்று வைத்துக்கொள்வோம். சுற்றுக்கு 43 நொடி என்றால் 600 ஹார்னெஸ். மூன்று நொடியைச் சும்மா இருந்த நேரம் என்று வெட்டினால் சுற்று 40 நொடி, இலக்கு 645. அந்த இலக்கு லைன் பலகையில் ஏறிவிட்டால் யாராலும் இறக்க முடியாது. அக்கா அந்த 645-ஐ எட்டலாம், கலர் பார்ப்பதை விட்டுவிட்டால். தப்பு வயர் போனால் அதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். ஒரு பட்டைக்கு வைத்த தவறான பெயர் ஒருவருடைய முதுகில் போய் இறங்குகிறது. இதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கோபம் வரும்.

வேலையைப் படம் பிடித்து அளக்கத் தொடங்கிய ஃபிராங்க், லில்லியன் கில்பிரெத் தம்பதி இதை நூறு வருடங்களுக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். 1912 வாக்கில், வேகமாகச் சுற்றும் முள் கொண்ட கடிகாரத்தை ஃபிரேமுக்குள்ளேயே வைத்து அவர்கள் சினிமா கேமராவில் பதிவு செய்தார்கள். கை வேலையை அவர்கள் பிரித்த பட்டியலில் எடுத்தல், பிடித்தல், பொருத்தல் இருப்பது போலவே, சோதித்துப் பார்த்தலும் யோசித்தலும் தனித்தனியாக இருக்கின்றன. தாமதம் வேறு, ஓய்வு வேறு. கை நிற்பதற்கே இத்தனை காரணங்கள் உண்டு என்று அவர்கள் வைத்த வரிசையை, இன்றைய பட்டை ஒரே சிவப்பில் அடக்கிவிடுகிறது.

ஏஐ வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஸ்டோருக்கு எத்தனை முறை நடக்கிறார்கள், தள்ளுவண்டி எவ்வளவு தூரம் போகிறது, நாள் முழுவதும் எத்தனை சுற்று ஓடியது என்பதையெல்லாம் அதற்கு விட்டுவிடலாம். மணிக்கணக்கான பதிவில் மனிதக் கண் சோர்ந்துவிடும். ஆனால் இந்தச் செயல் என்ன, எதற்காக, எங்கே முடிந்தது என்ற கேள்விக்கு அந்த வேலையைச் செய்கிறவர் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் என் மேசையில் எப்போதும் இரண்டு நாற்காலி. முதல் தடவை எதையும் குறிக்காமல் முழு வீடியோவையும் ஆபரேட்டரோடு சேர்ந்து பார்ப்பேன். ஷிப்ட் நேரத்திலேயே, அவர் இடத்தில் இன்னொருவரை நிறுத்திவிட்டு. டீ இடைவேளையில் கூப்பிடுவது நியாயமில்லை. கேமராவும் தோளுக்குப் பின்னாலிருந்து கையை மட்டும் பார்க்கும், முகம் வராது. இதைச் சொல்லிக் காட்டிவிட்டுத்தான் பதிவையே தொடங்குவேன். அப்படி உட்காரும்போதுதான், இடது பக்க டிரே தாழ்வாக இருப்பதால் ஒவ்வொரு முறையும் குனிகிறார் என்பது போன்ற விஷயங்கள் வரும். நேரத்தைக் குறைக்க வேண்டும் என்றால் குறைக்க வேண்டியது அந்தக் குனிவை. டிரேயை உயர்த்த ஒரு ஸ்டாண்ட் போதும்.

பிறகு என் சக ஊழியர் ஒருவர் அதே வீடியோவை, என் குறிகளைப் பார்க்காமல் தனியாகக் குறிப்பார். இருவரும் எங்கே வேறுபடுகிறோமோ அந்த வரி தாளில் தெளிவாக இல்லை என்று அர்த்தம். திருத்திவிட்டு மறுபடியும் குறிப்போம். காலை ஷிப்டில் ஒரு பதிவு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு பதிவு. மே மாதம் என்றால் மதியப் பதிவு கட்டாயம். தகரக் கூரைக்குக் கீழே மூன்று மணிக்கு வேலை செய்கிறவரின் ஓய்வுப் படியை (களைப்புக்காகச் சேர்க்கும் கூடுதல் நேரத்தை), காலை ஏழு மணி வீடியோவை வைத்து முடிவுசெய்யக் கூடாது. வீடியோ தருவது பார்த்த நேரத்தை மட்டும். அதை வேலையின் வேகத்துக்குத் தக்கபடி சரிசெய்து, களைப்புக்கும் வெயிலுக்கும் உரியதைச் சேர்த்தால்தான் அது நிலையான நேரம் ஆகிறது.

அந்த மூன்று நொடி இப்போது எங்கள் தாளில் "கலர் வரிசை பார்த்தல்" என்ற பெயரில் தனி எலிமென்டாக இருக்கிறது. தொடக்கம்: கடைசி வயரை இழுத்துப் பார்த்த விரல் விலகிய ஃபிரேம். முடிவு: கனெக்டரைக் கவையில் வைத்த ஃபிரேம். பலகைக்கு மேலே வெள்ளை விளக்கு ஒன்று கேட்டிருக்கிறேன். அது வந்ததும் மறுபடியும் பதிவு செய்து பார்ப்போம். விளக்கினால் நேரம் குறைந்தால் மட்டும் அந்த எலிமென்டின் எண்ணை மாற்றுவேன்.