ஆற்றில் விழாத பந்து

ஜூலை 8
போன் வரவில்லை.

ஜூலை 9
இன்றும் இல்லை. குளிக்கப் போனாலும் போனைக் கையோடு கொண்டு போகிறேன். அப்பா ஒன்றரை இட்லியோடு எழுந்துவிட்டார். நேற்று இரண்டு.

ஜூலை 11
பிட்ஸ்பர்க்கில் இத்தனை வருஷமாக இருக்கிறேன், பிஎன்சி பார்க் பேஸ்பால் மைதானத்துக்குள் போனதே இல்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று நேற்று இரவு இரண்டு டிக்கெட் எடுத்தேன். மேட்ச் நாளில் கிளெமென்டே பாலத்தில் வண்டி விடுவதில்லை. ஜனம் நடுரோட்டில் தேர் பார்க்கப் போவது மாதிரி போகிறது. அப்பா மூன்று இடத்தில் நின்றார். ஆறு பார்க்கிறாராம். சரி என்றேன்.

எங்கள் சீட்டிலிருந்து பார்த்தால் வலப்பக்கச் சுவர், அதற்குப் பின்னால் அலெகெனி ஆறு, அக்கரையில் டவுன்டவுன் கட்டிடங்கள். சுவரின் உயரம் 21 அடி. இந்த ஊர் டீமில் ஆடிய கிளெமென்டேயின் சட்டை எண்ணும் 21. 1972 சீசன் முடிந்தபோது அவர் கணக்கில் சரியாக 3000 ஹிட், அதாவது பந்தை அடித்துவிட்டு ஓடித் தளம் பிடித்த தடவைகள். அந்த டிசம்பர் 31-ஆம் தேதி நிகரகுவா பூகம்பத்துக்கு அவர் நிவாரணப் பொருள் கொண்டு போன விமானம் கடலில் விழுந்தது.

“3000-லயே நின்னுபோச்சா?” என்றார் அப்பா. கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் கேட்டார்.

அப்புறம், “எல்லாமே ஃபுல் டாஸ்தானேடா, இதை அடிக்க முடியலையா இவனுக்கு?” போர்டில் 97 மைல் என்று விழுந்தது. 156 கிலோமீட்டர் என்றேன். பேச்சே இல்லை.

ஆட்டத்தின் நடுவில் பியரோகி வேஷக்காரர்கள் ஓடுகிறார்கள். பியரோகி என்றால் போலந்துக்காரர்களின் சோமாசி, உள்ளே உருளைக்கிழங்கு வைத்து வேகவைத்தது. ஹலப்பீனோ ஹான்னாவுக்கு அப்பா கை தட்டினார்! இந்த மாதத்தில் முதல் முறையாகச் சிரித்தார்.

சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. கார் இன்சூரன்ஸ் விற்கிறவன்.

பந்து நேராக ஆற்றில் விழ 443 அடி பறக்க வேண்டுமாம். ஒன்றே ஒன்று விழுந்தால் அப்பாவின் ரிப்போர்ட் நல்லபடியாக வரும் என்று மனசுக்குள் முடிந்துகொண்டேன். கடைசிப் பந்து வரை அப்பாவைப் பார்க்காமல் ஆற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். விழவில்லை.

ஜூலை 12
ஒரு இட்லி. பென் ஹில்ஸ் பெருமாள் கோயிலுக்குப் போகலாமா என்றேன். “முதல்ல ரிப்போர்ட் வரட்டும்” என்றார்.

ஜூலை 13
443 அடி. நம் தெருமுனையிலிருந்து பிள்ளையார் கோயில் வரை கூட வராது.

ஜூலை 14
அப்பாவே கேட்டார், அடுத்த மேட்ச் எப்போது என்று. வெள்ளிக்கிழமைக்கு ஆற்றோரமாக சீட் தேடிக்கொண்டிருந்தேன். காலை 10.40. 412-இல் ஆரம்பிக்கிற உள்ளூர் நம்பர். அப்பா குளித்துக்கொண்டிருக்கிறார், குழாய்ச் சத்தம் கேட்கிறது.