புகைவெப்ப சென்சார்: குளிரில் சரி, சூட்டில் பழுது

எங்கள் பி.எஸ்.6 டீசல் காரில் எஞ்சின் விளக்கு எரிந்ததும் ஸ்கேனரைப் பொருத்திப் பார்த்தேன். பி2033 என்ற குறியீடு வந்தது. புகைக்குழாயின் வெப்பநிலையை அளக்கும் சென்சார்களில் இரண்டாவதான புகைவெப்ப சென்சாரின் சுற்றில் மின்னழுத்தம் அளவுக்கு மேல் இருக்கிறது என்பது இதன் பொருள். சுற்று என்பது சென்சார், வயர், கனெக்டர், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு எல்லாம் சேர்ந்தது. ஆகவே குறியீட்டை மட்டும் நம்பிப் புதிய சென்சார் வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அதற்காகத் தள்ளிப்போடவும் முடியாது. இந்த அளவு கிடைக்காவிட்டால் டீசல் புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் டிபிஎஃப் வடிகட்டியில் சேர்வதை எரிக்கும் வேலையை இசியு நிறுத்திவிடும். நாகர்கோவிலுக்கும் மார்த்தாண்டத்துக்கும் இடையே நெரிசலில் ஊர்ந்தே ஓடும் வண்டியில் கரி வேகமாகச் சேரும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பிப் பார்ப்பதே நான் எப்போதும் முதலில் செய்யும் சோதனை. அந்நேரத்தில் குளிர்நீர், உள்ளிழுக்கும் காற்று, புகைக்குழாய் ஆகிய எல்லாச் சென்சார்களும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையைக் காட்ட வேண்டும். காட்டின, சந்தேகத்துக்குரிய சென்சாரும் மற்றவற்றோடு ஒத்தே நின்றது.

கடலோரத்தில் நிற்கும் வண்டி என்பதால் என் ஐயம் கனெக்டரின் மேல் சென்றது. கழற்றியபோது முனைகளில் இலேசான பச்சைக் களிம்பு இருந்தது. சுத்தம் செய்து, குறியீட்டை அழித்து ஓட்டியபின்னும் பழுது திரும்பியது. பிறகு கனெக்டரில் இசியு பக்கம் மின்னழுத்தத்தை அளந்தேன். 5 வோல்ட் சரியாக வந்தது. என் காரில் இருப்பது 0 டிகிரியில் 200 ஓம் மின்தடை காட்டி, சூடு ஏற ஏற அது கூடிக்கொண்டே போகும் பிளாட்டினம் வகை. எனவே சென்சாருக்குப் பதிலாக 220 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் செருகினேன். ஸ்கேனர் அதற்குரிய 26 டிகிரியைக் காட்டியது; எஞ்சினை ஓடவிட்டு வயரை நீளம் முழுவதும் அசைத்தும் அந்த எண் நகரவில்லை. வயரும் இசியுவும் குற்றமற்றவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

சென்சாரை மீண்டும் இணைத்து, நண்பர் வண்டியை ஓட்ட, நான் பக்கத்தில் அமர்ந்து ஸ்கேனரைப் பார்த்துக்கொண்டு வந்தேன். தோவாளை தாண்டி ஏற்றம் பிடிக்கும்வரை ஒழுங்காக ஏறிய எண், 340 டிகிரியைக் கடந்ததும் ஒரே தாவலில் உச்சத்துக்குப் போய் நின்றது. வேகம் குறைந்து குழாய் ஆறியதும் தானாகவே இறங்கிவந்தது.

தக்கலையில் பட்டறை வைத்திருக்கும் நண்பரிடம் பக்கவாட்டில் வெட்டுள்ள சாக்கெட்டை இரவல் வாங்கி, துரு இளக்கும் எண்ணெயில் ஊறவிட்டுச் சென்சாரைக் கழற்றினேன். முனையை கேஸ் டார்ச்சின் சுடரில் காட்டியபடி மல்ட்டிமீட்டரில் பார்த்தபோது மின்தடை சீராக ஏறி, 450 ஓம் அருகே சுற்று அறுந்துபோனது. அந்த வகைச் சென்சாருக்கு 450 ஓம் என்பது ஏறத்தாழ 340 டிகிரிதான். சாலையில் கண்டதும் மேசையில் கண்டதும் பொருந்தின. உள்ளிருக்கும் இணைப்பு சூட்டில் விரிந்து விலகுகிறது என்பதே என் முடிவு. குளிர்ந்த நிலையில் மட்டும் ஓம் அளந்திருந்தால் இந்தச் சென்சார் நல்லதென்றே தேறியிருக்கும்.

புதிய சென்சாரை, மரையில் நிக்கல் கலந்த கிரீஸ் தடவிப் பொருத்திவிட்டு, ஆரல்வாய்மொழி தாண்டி நான்குவழிச் சாலையில் நிற்காமல் ஓட்டினோம். கரியெரிப்பு தொடங்கி எண் 600 டிகிரியைக் கடந்தபோதும் தாவல் இல்லை, குறியீடும் திரும்பவில்லை.