கிங்ஸ்ரன் துறையிலும் ஒரு பாதை

கனடாவின் கிங்ஸ்ரன் துறையில் முதன்முதலாக வந்து நிற்கும் நம் ஆட்கள் தேடுவது ரிக்கற் கூட்டைத்தான். அது அங்கே இல்லை. வுல்ஃப் தீவுக்குப் போகும் படகை ஒன்ராறியோ போக்குவரத்து அமைச்சு நடத்துகிறது. காருக்கும் காசில்லை, ஆளுக்கும் காசில்லை. "அண்ணை, ரிக்கற் எங்க எடுக்கிறது?" என்று கேட்டால், கேட்கப்பட்டவர் யாழ்ப்பாணத் தீவுப்பகுதிக்காரராக இருந்துவிட்டால் மறுமொழி ஆயத்தமாக இருக்கும்: "இது பாதை தம்பி. றோட்டில போக ஆர் காசு குடுக்கிறது?"

பாதை! ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே வாகனம் ஏற்றிப் போகும் தட்டையான மிதவைக்கு நாம் வைத்த பெயர். ஃபெரி, ஃபெரி என்று சொல்லியே இங்கே அந்தச் சொல்லைத் தொலைத்திருந்தோம். இந்த மாகாணமும் படகைப் பாதை என்றுதான் நினைக்கிறதுபோலும். கிங்ஸ்ரனுக்கு மேற்கே கிளெனோராவில் 33ஆம் நெடுஞ்சாலை தண்ணீரில் அறுந்துபோகும் இடத்தை ஒரு படகுதான் தொடுக்கிறது. அதற்கும் கட்டணம் இல்லை. வுல்ஃப் தீவில் இறங்கினால் 95, 96 என்று பழைய மாகாண நெடுஞ்சாலை இலக்கங்கள் காத்திருக்கின்றன.

ஸ்காபரோவிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டரை மணி நேரம், பிறகு படகில் சுமார் இருபது நிமிடம். தீவில் மேரிஸ்வில், டோசன் முனை என்று இரண்டு துறைகள். எது எப்போது என்பது காலத்துக்கு மாறும். புறப்படும் நாளில் அமைச்சின் நேர அட்டவணையைப் பாருங்கள்.

சிக்கல் எல்லாம் வரிசையில்தான். முற்பதிவு கிடையாது, முதலில் வந்தவர் முதலில் ஏறுவார். கோடைச் சனிக்கிழமை பத்து மணிக்குப் போய் நின்றால் ஒரு படகாவது உங்களை விட்டுவிட்டுப் போகும். வரிசையில் நிற்கும் காரைப் பூட்டிவிட்டுக் கோப்பி வாங்கப் போகக் கூடாது. ஏற்றத் தொடங்கும்போது ஓட்டுநர் இல்லையென்றால் பின்னால் நிற்பவர்களும் மாட்டிக்கொள்வார்கள். திரும்புவது இன்னும் மோசம். ஞாயிறு பின்னேரம் தீவிலிருக்கும் அத்தனை காரும் ஒரே துறைக்கு வரும். மதியத்துக்கு முன் திரும்புங்கள், அல்லது இருட்டும்வரை இருங்கள். இடைப்பட்ட நேரம் வேண்டாம்.

படகில் ஏறியதும் கைப்பிரேக்கை இழுத்து எஞ்சினை நிறுத்துங்கள். அலாரத்தையும் அணைத்துவிடுங்கள், அதிர்வுக்கே சில கார்கள் அலறத் தொடங்கிவிடும்.

எங்களைக் கேட்டால், காரைக் கிங்ஸ்ரனிலேயே விட்டுவிட்டுச் சைக்கிளோடு ஏறுவதுதான் நல்லது. கார் வரிசை உங்களைத் தொடாது. ஆனால் காற்றைக் கணக்கில் எடுங்கள். ஒன்ராறியோ ஏரியின் மேலாக வரும் காற்று பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து அடிக்கும். தீவில் 86 காற்றாலைகள் நிற்பது அதனால்தான். பிக் சாண்டி பே மணற்கரையும் அந்தத் தென்மேற்கு மூலையில், மேரிஸ்விலிலிருந்து பத்துக் கிலோமீற்றருக்கு மேல். போகும்போது எதிர்க்காற்று, வரும்போது முதுகில் காற்று. காற்றாலை எந்தப் பக்கம் முகம் காட்டுகிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் காற்று வருகிறது. அதைப் பார்த்துத் தண்ணீர்ப் போத்தலைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

மணற்கரைக்குக் காட்டுப்பாதையால் நடக்க வேண்டும். இங்கேதான் உண்ணி. ஊரில் மாட்டுக்காதில் கொழுத்துத் தொங்குமே, அது கண்ணுக்குத் தெரியும். இந்தக் கறுங்கால் உண்ணியின் குஞ்சு கசகசா விதையளவுதான். கடித்தால் லைம் நோய் வரலாம். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், பிள்ளைகளின் தலைமயிர் ஓரம் எல்லாம் தடவிப் பாருங்கள். ஒட்டியிருந்தால் கூர்முனைச் சாவணத்தால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுங்கள். திருகவோ நெருப்புச் சுடவோ வேண்டாம். 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட்டால் ஆபத்து மிகக் குறைவு.

தெற்குக் கரையில் தொலைபேசி அமெரிக்கக் கோபுரத்தைப் பிடிக்கும். ரோமிங்கை அணைத்து வையுங்கள். 95ஆம் வீதியின் முடிவிலிருந்து, ஓடும் ஆண்டுகளில், கோடையில் இன்னொரு சிறு படகு நியூயோர்க் மாநிலக் கேப் வின்சென்றுக்குப் போகும். அது எல்லை கடப்பது. இலங்கைக் கடவுச்சீட்டுக்காரருக்குக் கனடாவின் நிரந்தர வதிவிட அட்டை மட்டும் போதாது, அமெரிக்க விசா வேண்டும்.

சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். தேங்காய்ப்பூப் பச்சைச் சம்பல் யூலை வெயிலில் மதியம் தாண்டாது. பொரித்திடித்த சம்பல் பின்னேரம்வரை தாங்கும். புட்டுக்கும் அதுவே தோது.

திரும்பும்போது காருக்குள் இருக்காமல் மேல்தட்டுக்கு ஏறுங்கள். இந்த நாடு பழகிவிட்டது, குளிரும் பழகிவிட்டது என்று பேசிக்கொண்டு நிற்கையில் காற்றோடு ஒரு தூவானம் முகத்தில் அடிக்கும். குறிகட்டுவானில் நயினாதீவுக்குப் படகேறியவர்களுக்கு அடுத்து என்ன நடக்கும் என்று தெரியும். நாக்கு தானாகவே உதட்டைத் தடவும். உப்பு இருக்காது.