காய்ந்த கண்ணாடியில் ஆடும், தூறலில் தூங்கும்: கடலோர ஊரில் ஆட்டோ வைப்பர்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆட்டோ வைப்பர், அதாவது மழையை உணர்ந்து தானாக ஓடும் வைப்பர் உள்ள கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டால் இரண்டு புகார்தான் வரும். மழையே இல்லாத நேரத்தில் கீச்சுகீச்சென்று கண்ணாடியைத் தேய்க்கிறது. தவளக்குப்பம் பக்கம் எதிரே வரும் பஸ் சேற்றுத் தண்ணீரை வாரி அடிக்கும்போது சும்மா நிற்கிறது. உடனே சென்சார் போச்சு என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் சென்சார் நன்றாகத்தான் இருக்கும்.

ரியர் வியூ மிரருக்குப் பின்னால், முன்கண்ணாடியின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும் கறுப்புப் பெட்டிதான் சென்சார். அதிலிருந்து அகச்சிவப்பு ஒளி ஏறக்குறைய 45 பாகை சாய்வில் கண்ணாடிக்குள் போகிறது. வெளிப்பரப்பு காய்ந்திருந்தால் ஒளி மொத்தமும் திரும்பி வரும். பிளஸ் டூவில் படித்த முழு அக எதிரொளிப்பு. ஒளி இப்படி முழுதாகத் திரும்ப, சாய்வு ஓர் எல்லையைத் தாண்ட வேண்டும்; அந்த எல்லைதான் மாறுநிலைக் கோணம். கண்ணாடிக்கும் காற்றுக்கும் அது சுமார் 42 பாகை, கண்ணாடிக்கும் தண்ணீருக்கும் சுமார் 62. அதனால் துளி விழுந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும். திரும்பி வரும் ஒளி குறைந்தால் மழை என்று கணக்கு. அவ்வளவுதான் அதற்குத் தெரியும். அது பார்க்கும் பரப்போ தீப்பெட்டியை விடச் சிறியது. மீதிக் கண்ணாடி முழுக்க நனைந்து உங்களுக்கு ரோடே தெரியாவிட்டாலும், அந்தத் துண்டில் துளி விழவில்லை என்றால் வைப்பர் அசையாது.

இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. சில்வர் பீச் பக்கமோ, புதுச்சேரி பீச் ரோட்டை ஒட்டிய தெருக்களிலோ ராத்திரி வண்டியை வெளியே விட்டால் கண்ணாடியில் மெல்லிய உப்புப் படலம் படியும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக ஈரத்தை இழுத்துக் கசியும். விடியற்காலையில் இங்கே அதைத் தாண்டுவது சாதாரணம். சென்சாருக்கு அந்தக் கசிவும் மழைதான். வண்டியை எடுத்ததும் வைப்பர் ஓடும். உப்பும் மணலும் சேர்ந்து கண்ணாடியில் பிறை வடிவில் கோடு போடும். ராத்திரி எதிர் வண்டி வெளிச்சத்தில் அந்தக் கோடுகள் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். பாலிஷ் போட்டாலும் ஆழமான கோடு போகாது.

ஆகவே காலையில் முதல் வேலை, வைப்பர் லீவர் ஆட்டோவில் இருந்தால் ஆஃப் செய்துவிட்டு, அரை வாளி நல்ல தண்ணீரை மேலிருந்து ஊற்றி உப்பைக் கரைத்து விடுவது. காய்ந்த துணியால் துடைக்கவே கூடாது. வாரம் ஒருமுறை ஒரு வாளித் தண்ணீரில் ஒரு மூடி பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்து மைக்ரோஃபைபர் துணியால் துடைத்து, நன்றாக அலசுங்கள். டீசல் புகையின் எண்ணெய்ப் பிசுக்கும் இதில் போகும். போர் தண்ணீரில் கழுவி வெள்ளைப் புள்ளி விழுந்திருந்தால் வினிகரும் தண்ணீரும் சம அளவில் கலந்து, துணியில் நனைத்து இரண்டு மூன்று நிமிடம் வைத்து எடுத்து அலசவும். பெயின்ட் மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாஷர் டேங்கிலும் போர் தண்ணீர் வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீர் போதும். ஷாம்பூ ஊற்றினால் நுரைதான் மிஞ்சும், சென்சார் அதையும் ஈரம் என்றே எடுத்துக்கொள்ளும்.

அடுத்த சந்தேகம் பிளேடு மேல் விழ வேண்டும். தேய்ந்த ரப்பர் தண்ணீரை முழுதாக வழிக்காமல் ஒரு படலத்தை விட்டுப் போகும். சென்சார் அதைப் பார்த்து மறுபடி துடைக்கச் சொல்லும், பிளேடு மறுபடி படலம் விடும். மழை நின்ற பிறகும் வைப்பர் ஓடிக்கொண்டிருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். ரப்பர் விளிம்பை விரலால் மடக்கிப் பாருங்கள். நிமிராமல் கோணலாகவே நின்றால் மாற்றும் நேரம். நம் வெயிலில் ஒரு வருஷத்துக்கு மேல் தாங்காது. வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் மாற்றிவிடுவது நல்லது. கழற்றும்போது கண்ணாடி மேல் தடித்த துண்டு ஒன்றைப் போட்டு வையுங்கள். ஸ்பிரிங் உள்ள வைப்பர் கம்பி தவறி அடித்தால் கண்ணாடி விரிசல் விடும்.

தண்ணீர் ஒட்டாத கோட்டிங் அடித்தவர்களுக்கு வேறு தொல்லை. தண்ணீர் முத்து முத்தாகத் திரண்டு காற்றில் ஓடிவிடுவதால் சென்சார் துண்டில் நனையும் பரப்பு குறைகிறது, வைப்பர் தாமதமாக வருகிறது. அந்தத் துண்டில் மட்டும் கோட்டிங் இல்லாமல் விடச் சொல்லலாம்.

ஆட்டோவில் இருக்கும்போது லீவரில் உள்ள வளையம் பல வண்டிகளில் உணர்திறனை மாற்றும். பகல் தூறலுக்கு நடுவில் வைத்தால் போதும். ராத்திரியில் எதிர் விளக்கு துளிகளில் சிதறுவதால் ஒரு படி ஏற்றலாம். பஸ் அடிக்கும் சேற்றுக்கு ஆட்டோவை நம்பக் கூடாது. சென்சார் அளந்து, முடிவு செய்து, மோட்டாரை ஓட்டுவதற்குள் உங்கள் விரல் முந்திவிடும். வாஷரையும் சேர்த்து இழுங்கள், சேற்றை வெறுமனே தேய்த்தால் கோடு விழும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கொட்டியது போன்ற மழையில் ஆட்டோ வேகத்தை ஏற்றி இறக்கித் தடுமாறும். அப்போது கையால் வேகமான நிலையில் வைப்பதே சரி.

உண்மையான பழுது அதிகம் வருவது முன்கண்ணாடி மாற்றிய பிறகு. சென்சாருக்கும் கண்ணாடிக்கும் நடுவே காற்றே இல்லாமல் ஒட்ட சிலிகான் ஜெல் பேட் இருக்கும். பழைய பேடையே திரும்ப ஒட்டினால் குமிழி நிற்கும்; குமிழி நின்ற இடத்தில் ஒளியின் பாதை கெட்டு, வைப்பர் தன் இஷ்டத்துக்கு ஆடும். புதுப் பேட் போடச் சொல்லி வேலைக்கு முன்பே கேளுங்கள். வெளியிலிருந்து அந்த இடத்தை டார்ச் அடித்துப் பார்த்தால் குமிழி கண்ணுக்கே தெரியும். சில வண்டிகளுக்கு ஸ்கேனர் வைத்துச் சென்சாரைப் புதிதாகப் பழக்கவும் வேண்டும். வெப்பம் தடுக்கும் ஃபிலிம் சென்சார் மேல் ஓடியிருந்தால் அந்த இடத்தை வெட்டி எடுக்க வேண்டும்.

டெலிவரி எடுக்கும் இடத்திலேயே சோதித்துவிடலாம். இக்னிஷன் ஆன், லீவர் ஆட்டோ. கண்ணாடி காய்ந்திருக்கும்போது ஐந்து நிமிடம் அசையாமல் இருக்க வேண்டும். பிறகு ஸ்பிரே பாட்டிலால் மிரருக்கு நேர் வெளியே இரண்டு மூன்று முறை அடித்தால் ஓட வேண்டும். கீழே ஓரத்தில் மட்டும் அடித்தால் ஓடாமல் இருக்கலாம், அது குறை இல்லை.

வாட்டர் வாஷுக்கு விடும்போது லீவரை ஆஃபில் வைத்துச் சாவியை எடுத்துவிடுங்கள். துடைக்கும் பையன் கை கண்ணாடியில் இருக்கும்போது வைப்பர் கிளம்பினால் பிளேடு பிடுங்கிக்கொள்வதோடு நிற்காது, விரலும் மாட்டும்.