ஏலத்தோட்டத்து மருந்தும் இழப்பீட்டு மனுவும்

இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டம் ஒன்றில் இலைப்பேனுக்குக் குயினால்பாஸ் என்ற பூச்சிமருந்தை அடித்துக்கொண்டிருந்த என் அண்ணன் மயங்கிச் சரிந்ததும், உடன் வேலை செய்தவர்கள் அவரை ஜீப்பில் ஏற்றிப் போடிமெட்டு வழியாகக் கீழே இறக்கி, தேனிப் பக்கத்து மருத்துவமனையில் சேர்த்தார்கள். தெளிப்பான் கசிந்து முதுகு நனைந்திருந்தது. வியர்த்துக் கொட்டியது, வாயில் எச்சில் ஒழுகியது, கண்பாவை ஊசிமுனையளவு சுருங்கியிருந்தது.

பூச்சிமருந்து என்றாலே குடித்துவிட்டாரா என்று கேட்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். நடப்பதைப் பார்த்தால் அந்தக் கேள்வியைக் குறை சொல்லவும் முடியாது. ஆனால் மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டில் அப்படி எழுதிவிட்டால் பிறகு எந்தச் சட்டமும் கைகொடுக்காது. எனவே தோட்ட வேலையின்போது தோல் வழியாக நஞ்சு ஏறியது என்பதையும் மருந்தின் பெயரையும், உடன் வந்தவர்கள் சாட்சியாக நிற்க, அப்போதே எழுதச் சொன்னேன். நனைந்த சட்டையைக் கழற்றிச் சோப்பு நீரால் உடம்பைக் கழுவியதும், மாற்று மருந்தான அட்ரோபின் போட்டதும், இந்த நஞ்சு முடக்கும் நொதியான கோலினெஸ்டெரேஸின் அளவைப் பார்க்க இரத்தம் எடுத்ததும் அதே தாள்களில் பதிவாயின.

தெளிந்த மறுநாளே வீட்டுக்குப் போகலாம் என்றார் அண்ணன். இவ்வகை நஞ்சில் முதல் நான்கு நாட்களுக்குள் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்துபோகலாம் என்று மருத்துவர் விளக்கித் தடுத்தார். அது நேரவில்லை, சில வாரங்கள் கழித்துப் பாதங்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் தொடங்கின. நரம்புக் கடத்தல் பரிசோதனை செய்து, உழைக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் கொடுத்த சான்றே பின்னால் எங்கள் மனுவின் முதுகெலும்பாயிற்று.

தோட்டத்தரப்பு ஒரு தொகையை நீட்டி, இனி உரிமை கோர மாட்டேன் என்று கையெழுத்துக் கேட்டது. 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அத்தகைய ஒப்பந்தம் செல்லாது என்று தொழிற்சங்கத்தார் சொன்ன பிறகு, அண்ணன் அதில் கையெழுத்திடவில்லை. குயினால்பாஸ் சேர்ந்த கரிம பாஸ்பரஸ் வகை நஞ்சு அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் தொழில்நோயாகவே இடம்பெற்றிருந்தது. எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது அதன் 21ஆம் பிரிவுதான்: விபத்து கேரளத்தில் நடந்தாலும், தொழிலாளி வழக்கமாகக் குடியிருக்கும் ஊருக்குரிய இழப்பீட்டு ஆணையரிடமே மனுப் போடலாம், அவர் விபத்து நடந்த பகுதியின் ஆணையருக்கு அறிவிப்பு அனுப்பிவிட்டு விசாரிப்பார் என்றிருந்தது. மலையேறி மலையாளத்தில் வாதாட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. இரண்டு ஆண்டுக் காலக்கெடுவுக்குள் போட்டுவிட்டோம்.

விசாரணையில் எங்கள் பதிவேட்டு நகலை எதிர்த்தரப்பால் மறுக்க முடியவில்லை. அண்ணன் அங்கே வேலையே செய்யவில்லை என்று வாதிட்டார்கள். கூலிச்சீட்டு இல்லை, ஜீப்பில் உடன் சென்றவர்களின் சாட்சியம்தான் அதை முறியடித்தது. தொகை தாமதமானதற்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டியும் சேர்த்து உத்தரவாயிற்று. 2025 நவம்பர் முதல் அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்திருப்பதால், இப்போது மனுப் போடுகிறவர்கள் நான் சொன்ன பிரிவு எண்களை அப்படியே எழுதாமல் புதிய தொகுப்பைப் பார்த்து எழுத வேண்டும்.