லோங்ஹவுஸ் கிழமையள்

பெப்ரவரி 2

ஆஸ்பத்திரியில கிடக்கிற என்ர வகுப்புப் பெடியனைப் பற்றி இன்னும் ஒண்டும் வரேல்ல.

பெப்ரவரி 3

காலமை அனவுன்ஸ்மென்ட்டில ஒவ்வொரு நாளும் எங்கட டொரன்டோப் பள்ளிக்கூடம் நிக்கிறது எந்த ஆதிக்குடியளின்ர நிலம் எண்டு வாசிக்கினம், மிசிசாகா, அனிஷினாபே, சிப்பேவா, ஹோடெனோஷோனி, வென்டாட் எண்டு வரும், அந்த நேரம்தான் என்ர விசேட தேவை வகுப்புப் பிள்ளையள் கோட் கழட்டுறதும் சப்பாத்து மாத்துறதும் ஸ்பீக்கர் சத்தத்துக்குக் காதைப் பொத்துறதும். ஒருத்தி மட்டும் கடைசிச் சொல்லைப் பிடிச்சு நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவா. வென்டாட் வென்டாட் வென்டாட். மற்ற வகுப்பு அஞ்சாம் வகுப்புப் பிள்ளையள் இந்தச் சரித்திரத்தைப் படிக்கினம், எங்கட பிள்ளையளுக்கு எண்டால் கைவேலை போதும் எண்டு ஒரு நினைப்பு. கைவேலை எண்டால் இறகு வெட்டித் தலையில ஒட்டுறது. அதை நான் செய்யமாட்டன். வென்டாட் சனம் சோளம் விதைச்சு, மரப்பட்டையால லோங்ஹவுஸ் எண்ட நீள வீடு கட்டி, ஜோர்ஜியன் விரிகுடாக் கரையில 20,000க்கு மேல சனம் ஊர் ஊரா இருந்தவை, அதைச் சொல்ல எவ்வளவோ வழி இருக்கு.

பெப்ரவரி 5

ஜிம் கிடைச்சது. நிலத்தில நீல ரேப் ஒட்டி ஒரு லோங்ஹவுஸ் போட்டன், அகலம் 7 மீற்றர், நீளம் 25. நடுவால அடுப்புகள், சிவப்புத் துணி. ஒரு அடுப்புக்கு ரெண்டு குடும்பம், அந்தப் பக்கம் ஒண்டு இந்தப் பக்கம் ஒண்டு. 1623 இல போய் அவையோட இருந்த சகார்ட் எண்ட கத்தோலிக்கத் துறவி புகையைப் பற்றி எழுதி வச்சிருக்கிறார், கண்ணுக்கு எவ்வளவு கேடெண்டு, அதைச் சொன்னவுடன ஒருத்தன் கண்ணைக் கசக்கத் துவங்கீட்டான், பிறகு எல்லாரும் கசக்கினம். வீல்சேர் நடுவால அடுப்பைச் சுத்தி வடிவாப் போச்சுது. சத்தம் ஆகாத பிள்ளை எங்க இருப்பான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன், நேர நுனிக்குப் போனான். அங்கதான் சோளம் சேமிச்சு வைக்கிற இடம். நீதான் சோளத்துக்குக் காவல் எண்டன். அசையாமல் இருந்தான், இருபது நிமிசம் இருக்கும், அவன் அவ்வளவு நேரம் ஜிம்முக்குள்ள இருந்ததே இல்லை.

ரெண்டாவது அடுப்படியில ஒரு இடம் விட்டிருந்தவை. நான் சொல்லேல்ல. ஆஸ்பத்திரியில இருக்கிறவனுக்குத்தான்.

பெப்ரவரி 6

ஸ்நோ. பஸ் ஓடேல்ல. ரெண்டு பிள்ளையள்தான் வந்தவை.

பெப்ரவரி 10

கதைக்கேலாத பிள்ளையள் படத்தைத் தட்டினால் சொல்லைச் சொல்லுற ரப்லெட்டில வென்டாட் எண்டு ஒரு பட்டன் போடவேணும், அதுக்கு ஒரு படம் வேணும். தேடினால் வாறது திரும்ப அந்த இறகுக் கிரீடம். இல்லாட்டி பழைய கோட்டுச் சித்திரம், அம்பு வில்லோட. இந்தப் பிள்ளையளுக்குப் படம்தான் சொல்லு, எந்தப் படத்தை வைக்கிறனோ அதுதான் வென்டாட் எண்டு வாழ்நாள் முழுக்க அவைக்கு நிக்கும், அதால ராத்திரி பதினொரு மணி வரைக்கும் இருந்து தேடினன். லோங்ஹவுஸ் படமும் வேண்டாம் எண்டு விட்டிட்டன், இப்ப ஆரும் அதுக்குள்ள இல்லை. கியூபெக் சிற்றிக்குப் பக்கத்தில வென்டாகே எண்டு ஊர் இருக்கு, 1697 இல இருந்து அங்க இருக்கினம், பள்ளிக்கூடம், மியூசியம், ஹோட்டல் எல்லாம் இருக்கு. அங்க எடுத்த படம் ஒண்டு, வெறும் றோட்டும் வீடுகளும் ஆக்களும். அதைத்தான் போட்டன். க்வே எண்டும் ஒரு பட்டன், அவை வணக்கம் சொல்லுறது.

பெப்ரவரி 11

ஐசியுவில இருந்து வோர்ட்டுக்கு மாத்தியாச்சாம். கடவுளே.

பெப்ரவரி 12

அம்மாவுக்குச் சொன்னன், முந்தி வென்டாட் சனத்தில கலியாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பொம்பிளையின்ர லோங்ஹவுஸுக்கு வாறது, பிள்ளையள் தாயின்ர குலம் எண்டு. அம்மா கறிக்கு வெட்டிக்கொண்டு, எங்கடையும் அப்பிடித்தானே, வீடு பொம்பிளைப் பிள்ளைக்குத்தானே எண்டா. பிறகு 1649 ஐச் சொன்னன். ஹோடெனோஷோனி தாக்க, தங்கட ஊருகளைத் தாங்களே கொளுத்திப்போட்டு கஹோண்டோ எண்ட தீவுக்குப் போனவை, அந்தப் பனிக்காலம் ஓக் கொட்டை அவிச்சுத் திண்டு, அதுவும் இல்லாமல் நூற்றுக்கணக்கில செத்தவை. அம்மா ஒண்டும் கதைக்கேல்ல. 95 இல யாழ்ப்பாணத்தை விட்டு நாவற்குழியால நடந்த ஆள்.

பெப்ரவரி 17

இண்டைக்குக் கஷ்டமான பாடம். 1634 இல இருந்து 1640 வரைக்கும் நோய் மாறி மாறி வந்தது, கடைசியில பெரியம்மை, பாதிக்கு மேல சனம் போச்சுது. மேசையில சோள விதை வச்சுச் சொன்னன், கொஞ்சம் கொஞ்சமா எடுத்து மற்றப் பக்கம் வச்சன். ஒருத்தரும் சத்தம் போடேல்ல. சோளக் காவல்காரன் வந்து நான் எடுத்து வச்ச விதையை எல்லாம் அள்ளித் தன்ர டப்பாவில போட்டு மூடினான். திருப்பித் தரேல்ல, பின்னேரம் பஸ்ஸுக்கும் டப்பாவோடதான் போனவன், நான் கேக்கவும் இல்லை.

பிறகுதான் ரப்லெட்டால கதைக்கிற ஒருத்தி பட்டனைத் தட்டினா. வென்டாட். ஆஸ்பத்திரி. தட்டித் தட்டி.

பெப்ரவரி 19

வென்டாட் சனம் அந்தக் காலத்தில செத்தவைக்குச் செய்த பெரிய சடங்கைப் படிப்பிக்கப்போறன் எண்டதுக்கு ஸ்டாஃப் ரூமில ஒராள் சொல்லுறா, இந்தப் பிள்ளையளுக்கு உதெல்லாம் பாரம், சோளச் சூப் வைக்கிறதோட நிப்பாட்டுங்கோ எண்டு. எனக்கு நெஞ்சு கொதிச்சது. போன வருசம் ஒரு பிள்ளை இல்லாமல் போனதை இவையள் அறியாமலே இருக்கினம் எண்டு நினைக்கிறாவோ? ட்யூபால சாப்பிடுற பிள்ளை, வலிப்பு வாற பிள்ளை, மாசத்துக்கு ஒருக்கா ஆஸ்பத்திரி போற பிள்ளை, அவைக்குத் தெரியாத பாரமே. பத்துப் பன்னிரண்டு வருசத்துக்கு ஒருக்கா, ஊர் இடம் மாறேக்க, தங்கட ஆக்களின்ர எலும்பை எடுத்து, பொம்பிளையள் துப்பரவாக்கி, நல்ல தோலில சுத்தித் தோளில கொண்டுபோய் ஒரே குழியில சேத்து வைக்கிறது. தங்கட ஆக்களைத் தனிய விட்டிட்டுப் போக மனமில்லாத சனம். இதைச் சொல்லாமல் வேற என்னத்தைச் சொல்லுறது.

பெப்ரவரி 22

லோரன்ஸ் பஸ்ஸில வரேக்க பெல்லமியில இறங்கி டேபர் ஹில்லுக்கு நடந்தன். 1956 இல மேட்டை வெட்டேக்க இதே மாதிரி ஒரு குழியில 400 பேருக்கு மேல எலும்பு வந்த இடம். சுத்திவர வீடுகள், எங்கட சனமும் எவ்வளவு பேர் இந்தப் பக்கம். ஸ்நோ முழங்கால் வரைக்கும். வீல்சேர் மேல ஏறாது இப்ப, மே மாசம் பாப்பம்.

பெப்ரவரி 26

சொல்லியாச்சு. ஓசோசானே எண்ட வென்டாட் ஊரில 1636 இல நடந்த அந்தச் சடங்கை, மியூசியக்காரர் கிண்டிக்கொண்டு போனதை, 1999 இல கியூபெக், ஓக்லஹோமா, கன்சாஸ், மிச்சிகன் எண்டு சிதறிப்போன வென்டாட் ஆக்கள் எல்லாம் வந்து அந்த எலும்புகளைத் திரும்ப அதே குழியில வச்சதை. சிதறி 350 வருசம் கழிச்சு. துணியில கட்டின சின்னக் கட்டு ஆளுக்கொண்டு குடுத்தன், ஜிம்மைச் சுத்தி மெதுவாக் கொண்டு போச்சினம். ஓடுற பிள்ளையும் ஓடேல்ல. ஒராள் சூப்போட நிப்பாட்டுங்கோ எண்டு சொன்னவ வாசல்ல நிண்டு பாத்தவ.

மார்ச் 3

காய்ச்சல் திரும்ப வந்திட்டுதாம்.

மார்ச் 4

ஒண்டுமில்லை.

மார்ச் 5

நாளைக்கு சகமித்தே, அவையின்ர சோளச் சூப். சோளம் ஊறப் போட்டாச்சு, பீன்ஸும் பூசணியும் வெட்டி ஃபிரிஜ்ஜில. மூண்டு பேருக்கு மைபோல அரைக்க வேணும், பிளெண்டரை வீட்டில இருந்து கொண்டுபோறன். மீன் போடேல்ல, அலர்ஜி. அவன்ர தாய் மெசேஜ் போட்டவ, ரப்லெட்டை ஆஸ்பத்திரிக்கு அனுப்பேலுமோ, புதுப் பட்டன் எல்லாம் இருக்கிறதை, அவன் கேக்கிறானாம். காலமை முதல் வேலையா ஒஃபிஸில கேக்கவேணும், விடாட்டி என்ரயைக் குடுக்கிறது.