நாளை ஒழிந்து பின்

திருநின்றவூர் இருதயாலீஸ்வரர் சந்நிதியில் முதன்முறை நின்றபோது என் கைப்பையில் இரண்டு உறைகள் இருந்தன. ஒன்றில் என் தலையின் எம்.ஆர்.ஐ. படம். மற்றொன்றில் என் கணவரின் ஆஞ்சியோகிராம் அறிக்கை. எதை முதலில் அவன் திருவடியில் வைப்பது என்று தெரியவில்லை. இரண்டையும் பைக்குள்ளேயே விட்டுவிட்டுக் கைகூப்பினேன்.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் காலை எழுதிக்கொண்டிருந்தபோது என் வலது கை விரல்கள் தாமாகத் துடித்தன. அரை நிமிடம்தான் இருக்கும். பேனா கீழே விழுந்து உருண்டது. அதை எடுக்கக் குனிந்தேன். விரல்கள் மடங்க மறுத்தன. படம் எடுத்துப் பார்த்ததில், மூளையைச் சுற்றியுள்ள உறையிலிருந்து வளரும் மெனிஞ்சியோமா என்ற கட்டி. இடது பக்கத்தில், வலது கையை இயக்கும் பகுதியை அழுத்திக்கொண்டிருந்தது. அளவு 3.2 சென்டிமீட்டர். பெரும்பாலும் புற்றாக இருக்காது, மெதுவாகத்தான் வளரும், ஆனாலும் வலிப்பு காட்டத் தொடங்கிவிட்டதால் எடுத்துவிடுவதே நல்லது என்றார் மருத்துவர். நாளும் குறித்தாயிற்று.

எனக்கான பரிசோதனைகளுக்காக மாடியும் கீழுமாக அலைந்தவர் என் கணவர்தான். இரண்டாம் மாடிப் படியில் ஒருமுறை நின்று நெஞ்சைத் தடவிக்கொண்டதைப் பார்த்தேன். "வாயுப்பிடிப்பு" என்றார். என் தலையையே நினைத்துக்கொண்டிருந்த நான் அதை நம்பிவிட்டேன். என் அறுவை சிகிச்சைக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, சட்டை முழுவதும் வியர்வையில் நனைய, நாற்காலியில் சாய்ந்துவிட்டார். மூன்று ரத்தக்குழாய்களில் அடைப்பு. போதாததற்கு இடப்பக்கத் தலைமைக் குழாயிலும். பைபாஸ் செய்தாக வேண்டும், அதுவும் உடனே.

படுக்கையில் கிடந்தபடி அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "முதலில் அவளுடையது முடியட்டும். பிறகு என்னைப் பாருங்கள்."

இதய மருத்துவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. எங்களுக்கு ஒரே மகள், அவளிடம் கைக்குழந்தை. இரண்டு பேரும் அடுத்தடுத்த நாள்களில் படுத்தால் யார் யாரைப் பார்ப்பது? நான் என் மருத்துவரிடமே போய்க் கேட்டேன். அவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி வெகுநேரம் பார்த்தார். "மூன்று மாதம் தள்ளிப்போடலாம். வேறு வகைக் கட்டியாக இருந்தால் மூன்று நாள்கூடத் தள்ளச் சொல்ல மாட்டேன்" என்றார். வலிப்பு மாத்திரையைக் காலையும் இரவும் ஒரு வேளைகூட விடக் கூடாது. விடிகாலைத் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், கையில் பலவீனம், மறுபடி வலிப்பு, இவற்றில் எது வந்தாலும் அந்த மணியே வந்து சேர வேண்டும். மூன்றாம் மாதம் மறுபடி எம்.ஆர்.ஐ. இவ்வளவும் சொல்லிவிட்டு, "நாளைக்குள் முடிவைச் சொல்லுங்கள், அந்த நாளை வேறொருவருக்குக் கொடுக்க வேண்டும்" என்றார்.

மருத்துவர் அனுமதித்த பிறகும் மனம் ஒப்பவில்லை. வீட்டில் ஆளுக்கொன்று சொன்னார்கள். தலையில் கட்டியை வைத்துக்கொண்டு காத்திருப்பதா என்றார்கள் சிலர். புருஷனை விட்டுவிட்டு நீ போய்ப் படுப்பதா என்றார்கள் வேறு சிலர். இரண்டாவது கேள்வி என்னை மிகவும் சுட்டது. என் நாத்தனார் மட்டும் ஒன்றும் கேட்காமல், "அண்ணி, திருநின்றவூருக்கு ஒரு நடை போய் வாருங்கள். இதயத்துக்கென்றே இருக்கிற சாமி" என்றாள். அன்று மாலையே மகளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சென்னையிலிருந்து அரக்கோணம் பக்கம் போகும் மின்சார ரயிலில் ஏறினால் திருநின்றவூரிலேயே இறங்கிக்கொள்ளலாம்.

இறைவன் இருதயாலீஸ்வரர், அம்பாள் மரகதாம்பாள். மூலவருக்குப் பக்கத்தில் கருவறையிலேயே பூசலார் நாயனார் இருக்கிறார். அடியாரைத் தன் அறைக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கும் சுவாமியைக் கண்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. தீபாராதனை முடிந்ததும் அங்கிருந்து நகர மனமில்லாமல் மண்டபத்தில் உட்கார்ந்தேன். தூணோரம் ஒரு வயதான அம்மா, பெரிய எழுத்துப் பெரியபுராணத்தை மடியில் வைத்து, வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

பூசலார் கதை நான் சிறுவயதிலிருந்தே அறிந்ததுதான். சிவனுக்குக் கோயில் கட்ட ஆசை, கையில் காசில்லை. ஊர் ஊராகக் கேட்டும் பொருள் சேரவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் திரட்டினார், தச்சர்களைச் சேர்த்தார், நல்ல நாள் பார்த்து அடித்தளம் இட்டார். இரவிலும் கண்ணுறங்காமல் கட்டினார். விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒன்றையும் விடவில்லை. கடைசியில் குடமுழுக்குக்கும் மனத்துக்குள்ளேயே நாள் குறித்தார். அதே நாளைத்தான் காஞ்சியில் கற்றளி எழுப்பிய பல்லவ அரசனும் குறித்திருந்தான். இராசசிம்மன் 8-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய கைலாசநாதர் கோயிலே அது என்பார்கள். முதல் நாள் இரவு சிவன் அரசன் கனவில் வந்தார் என்பதும் தெரியும். ஆனால் என்ன சொன்னார் என்பதைச் சேக்கிழார் வாக்கில் அன்றுதான் கேட்டேன். அந்த அம்மா நிறுத்தி நிதானமாகப் படித்தார்:

"நின்றவூர்ப் பூசல் அன்பன் நெடிதுநாள் நினைந்து செய்த
நன்றுநீ டாலயத்து நாளைநாம் புகுவோம் நீஇங்கு
ஒன்றிய செயலை நாளை ஒழிந்துபின் கொள்வாய்..."

நாளை ஒழிந்து பின் கொள்வாய். நாளைய தினத்தை விட்டுவிடு, உன் காரியத்தைப் பிறகு வைத்துக்கொள். ஆண்டவனே ஒரு தேதியைத் தள்ளி வைக்கச் சொல்கிறான்! மருத்துவர் முடிவு கேட்டிருந்ததும் நாளைக்குத்தான்.

அந்த அம்மாவிடம் இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். முகத்தைக் கூடப் பார்க்காமல் படித்தார்.

அரசனின் கோயிலை வேண்டாம் என்று சிவன் சொல்லவில்லை. அது குறைந்தது என்றும் சொல்லவில்லை. அங்கும் வருவேன், ஆனால் நாளைக்கு இல்லை என்றார், அவ்வளவுதான். அரசனும் மனம் சுருங்கவில்லை. அப்படியொரு கோயிலைக் கட்டியவர் யார் என்று பார்க்க நின்றவூருக்கே வந்தான். ஊரில் கேட்டால் அங்கே கோயிலே கிடையாது என்கிறார்கள். உள்ளே கட்டப்பட்டது ஊராருக்கு எப்படித் தெரியும்? அந்த இடத்தில்தான் என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. என் நோய்க்குப் படம் இருந்தது, குறித்த நாள் இருந்தது, ரத்தம் கொடுக்க ஆள்கள் இருந்தார்கள். வீடு முழுவதும் என் கட்டியைச் சுற்றியே ஓடிக்கொண்டிருந்தது. அவர் நெஞ்சுக்குள் என்ன எழும்பிக்கொண்டிருந்தது என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்தில் படுத்த எனக்கும் தெரியாது.

மகள் என் முதுகில் கை வைத்தாள். "அம்மா, தலை வலிக்கிறதா?" என்றாள். இல்லை என்றேன். கோயில் வாசலிலிருந்தே மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, என் நாளை வேறொருவருக்குக் கொடுத்துவிடச் சொன்னேன்.

ரயிலுக்கு நேரம் இருந்ததால் அதே ஊரில் பக்தவத்சலப் பெருமாளையும் சேவித்தோம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. திருமகள் வைகுண்டத்தை விட்டு வந்து நின்ற ஊர் என்பதால்தான் திருநின்றவூர். இங்கே தாயாருக்குப் பெயர் என்னைப் பெற்ற தாயார். கோபித்து வந்தவளை, அவளுடைய தந்தையான சமுத்திரராஜன் அப்படி அழைத்துச் சமாதானம் செய்யப் பார்த்தான் என்கிறது தல புராணம். மகளைப் பெற்ற தாயே என்று அழைக்கிற அந்தக் கனிவு வேறெந்தச் சந்நிதியிலும் எனக்கு இப்படித் தைத்ததில்லை.

அவருடைய பைபாஸ் நல்லபடியாக முடிந்தது. காலிலிருந்து ரத்தக்குழாயை எடுத்து மாற்றுப் பாதை போட்டார்கள். நடுநெஞ்சு எலும்பைக் கம்பியால் இணைத்திருந்ததால், இருமல் வந்தால் ஒரு சிறு தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டுதான் இரும வேண்டும். இரவில் அவர் இருமத் தொடங்கும் முன்பே என் கை தலையணையைத் தேடிக் கொடுத்துவிடும். என் மாத்திரையை ஒரு வேளை கூட விடவில்லை. விடிகாலையில் விழிப்பு வந்ததும், தலை வலிக்கிறதா, சுவர்க் கடிகாரத்தின் முள் தெளிவாகத் தெரிகிறதா, விரல்கள் மடங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்ட பிறகே எழுவேன். பயம் இல்லாமல் இருந்தேன் என்று சொன்னால் அது பொய். பயம் வந்த வேளைகளில் அந்த மூன்றடியைச் சொல்லிக்கொண்டேன்.

மூன்றாம் மாத எம்.ஆர்.ஐ.யில் கட்டி அதே 3.2 சென்டிமீட்டர். மருத்துவர் புதிய நாள் குறித்தார். அது உறுதியானதும் என் கணவர், "நானும் அந்த ஊருக்கு வர வேண்டும்" என்றார். இதய மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு திங்கட்கிழமை காலை கூட்டம் சேரும் முன்பே போய்விட்டோம்.

சந்நிதியில் குருக்கள் அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்டார். இதயநாதன் முன்னால் அவர் பெயரைச் சொல்ல நான் வாய் திறப்பதற்குள், அவர் என் பெயரைச் சொன்னார், என் நட்சத்திரத்தைச் சொன்னார். "உங்கள் பெயர்?" என்று குருக்கள் கேட்டதற்கு, "எனக்குத்தான் கொடுத்துவிட்டாரே. இன்றைக்கு அவளுக்கு மட்டும் செய்யுங்கள்" என்றார். விபூதி வாங்கியதும், தன் நெற்றியில் இட்டுக்கொள்வதற்கு முன்னால், என் தலையின் இடப்பக்கம் முடியை விலக்கி, கத்தி படப்போகும் இடத்தில் விரலால் மெல்லத் தொட்டு வைத்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது பூசலார் எதிரே இருந்தார்.

படி இறங்கும்போது மூன்று மாதப் பழக்கத்தில் அவர் முழங்கையைப் பிடிக்கக் கை நீட்டினேன். அவர் என் வலது கையை எடுத்துத் தன் உள்ளங்கைக்குள் வைத்துக்கொண்டார். ரயில் வரும் வரை விடவில்லை. விரல்கள் ஒருமுறைகூடத் துடிக்கவில்லை.

வரும் வியாழக்கிழமை மருத்துவமனையில் சேர்கிறேன். அறுவை சிகிச்சைக்குப் பின் சில வாரங்கள் வலது கை சற்றுத் தளர்ந்திருக்கலாம் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்கிறார். அதனால் நேற்று உட்கார்ந்து, அவருடைய மாத்திரைகளின் பெயரையும் வேளையையும் பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். மொத்தம் ஏழு வரி. எட்டாவது வரியில், இருமல் வந்தால் தலையணை என்று எழுதினேன்.